மலை வீட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேல் ஒரு குழாய்: தேர்ந்தெடுப்பதும் பொருத்துவதும்

ஊட்டிக்கு அருகே கேத்தியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் சிங்க்கிலிருந்து அடுப்புக்கு நான்கு எட்டு தூரம் இருக்கும். 15 லிட்டர் பிடிக்கும் அண்டாவைச் சிங்க்கில் நிரப்பித் தூக்கிக்கொண்டு அந்த நான்கு எட்டையும் என் அம்மா 30 ஆண்டுகளுக்கு மேலாக நடந்திருக்கிறார். தண்ணீர் 15 கிலோ, அண்டா 3 கிலோ. மார்கழி விடியலில் விரல்கள் மரத்திருக்கும் நேரத்தில் அந்த 18 கிலோவை அடுப்பின் மேல் ஏற்றி வைக்கக் கையில் பலம் இருந்தவரை, வீட்டில் யாரும் அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. அவருடைய வலது மணிக்கட்டில் வலி நிரந்தரமாகத் தங்கிவிட்ட பிறகுதான் அடுப்புக்கு மேலேயே ஒரு குழாய் வைக்கும் எண்ணம் எங்களுக்கு வந்தது. கடைகளில் இதற்குப் பாட் ஃபில்லர் என்று பெயர். எங்கள் வீட்டில் அடுப்புக் குழாய் என்கிறோம். அதை வாங்கிப் பொருத்தியபோது கற்றதையும், தவறாகச் செய்து திருத்தியதையும், மலையில் புதிதாக வீடு கட்டுவோருக்கும் பழைய சமையலறையை மாற்றியமைப்போருக்கும் உதவும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சமவெளியைவிட மலையில் இந்தக் குழாய்க்குத் தேவை அதிகம் என்பது என் கருத்து. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருப்பதில்லை. 92 அல்லது 93 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது. அதனால் குக்கரில் வைக்காத பருப்பும் பயறும் எலும்புச் சாறும் வேக நெடுநேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் ஆவி போய்க்கொண்டே இருப்பதால் நடுவில் இரண்டு மூன்று முறை தண்ணீர் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதோடு, கீஸர் இருக்கும் வீடுகளிலும் மின்சாரம் போன நாட்களில் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அடுப்பில்தான் வெந்நீர் வைக்கிறோம். ஆகவே பெரிய பாத்திரமும் நிறையத் தண்ணீரும் இங்கே விருந்து நாளுக்கு மட்டும் உரியவை அல்ல.

இந்தக் குழாயின் அமைப்பு எளிமையானது. சுவரில் ஓர் அரை அங்குல இணைப்பு. அதிலிருந்து இரண்டு முட்டிகளுடன் மடங்கி நீளும் ஒரு பித்தளைக் கை. சுவரருகே ஒரு வால்வு, வாய் அருகே இன்னொரு வால்வு. வேலை இல்லாதபோது கை மடங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் மட்டும் வருவதால் ஒரே குழாய் போதும். சிங்க் குழாய்க்குக் கீழே தொட்டி இருக்கிறது, இதற்குக் கீழே இருப்பது நெருப்பு என்பதை மட்டும் வேலை முடியும் வரை மறக்காமல் இருக்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுகினாலும் அது அடுப்பின் மேல் விழும். தொடர்ந்து விழுந்தால் எரியும் பர்னரை அணைத்துவிடவும் கூடும், அணைந்த பர்னரிலிருந்து எரிவாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். இரண்டு வால்வுகள் வைத்திருப்பதன் காரணம் இதுதான்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தக் குழாய் பாத்திரத்தை நிரப்பிக் கொடுக்கும், இறக்கித் தராது. கொதிக்கும் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும் ஆபத்து அப்படியேதான் இருக்கும். எங்கள் வீட்டில் வெந்நீரைச் சொம்பால் மொண்டு வாளியில் ஊற்றிக்கொள்கிறோம், அண்டாவை இறக்குவதே இல்லை. மூன்று பேருக்கு மட்டும் சமைக்கிற, ஐந்து லிட்டர் குக்கரைத் தாண்டாத வீட்டில் சிங்க்கும் அடுப்பும் அருகருகே இருந்தால், இந்தச் செலவு தேவையில்லை என்றே சொல்வேன்.

முதலில் அழுத்தத்தை அளந்து பாருங்கள்

குழாயின் வடிவத்தையும் மெருகையும் பார்த்து ஆசைப்படுவதற்கு முன்னால் வீட்டுத் தண்ணீரின் அழுத்தத்தை அறிந்துகொள்ள வேண்டும். தொட்டியின் நீர்மட்டம் குழாயின் வாயைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் ஏறத்தாழ 1 கிலோ (அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ) அழுத்தம் கிடைக்கும் என்பது பிளம்பர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஒரு தளம் மட்டும் உள்ள வீட்டில் இதைப் போட்டுப் பார்ப்போம். தரையிலிருந்து கூரை 3 மீட்டர், கான்கிரீட்டின் கனம் 12 சென்டிமீட்டர், தொட்டி நிற்கும் மேடை 60 சென்டிமீட்டர் என்றால் தொட்டியின் அடி தரையிலிருந்து 372 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடுப்புக் குழாயின் வாய் 138 சென்டிமீட்டர் உயரத்தில் வருமானால் இடையே இருப்பது 234 சென்டிமீட்டர் மட்டுமே. தொட்டி தீரும் நேரத்தில் கிடைப்பது கால் கிலோவுக்கும் குறைவான அழுத்தம். பல மாடல்களின் அட்டையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று அச்சிட்டிருப்பது 3, 4 கிலோ அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. அதை நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

கருவி இல்லாமலே சோதிக்க ஒரு வழி உண்டு. இப்போதுள்ள சிங்க் குழாயின் முனையில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு, முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலையில்லை. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், சிங்க் குழாயைவிட உயரத்தில் இருக்கப் போகிற, உள்ளே இரண்டு வால்வுகளும் இரண்டு முட்டிகளும் உள்ள அடுப்புக் குழாயில் இன்னும் மெதுவாகத்தான் வரும். அப்படிப்பட்ட வீட்டில் தொட்டியிலிருந்து முக்கால் அங்குலக் குழாயாகவே கொண்டுவந்து கடைசி எல்போவில் (குழாயைத் திருப்பும் வளைவு இணைப்பில்) மட்டும் அரை அங்குலமாகக் குறைப்பதும், வழியில் எல்போக்களைக் குறைப்பதும், குழாய் வாயில் சல்லடை வைக்காமல் விடுவதும் ஓரளவு உதவும். அதற்கு மேல் வேண்டுமென்றால் சிறிய பிரஷர் பம்ப் ஒன்றுதான் வழி.

மலைச்சரிவில் இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஊற்று நீரை மேட்டில் ஒரு தொட்டியில் தேக்கி, கீழே உள்ள வீட்டுக்கு நேராகக் குழாய் இழுத்திருப்பவர்கள் நம்மிடையே பலர். தொட்டி வீட்டைவிட 50 மீட்டர் மேலே இருந்தால், குழாயைத் திறக்காத நேரத்தில் அதன் முனையில் நிற்பது 5 கிலோ அழுத்தம். தண்ணீர் சீறிக்கொண்டு வரும் என்று மகிழ்வதற்கில்லை. அவ்வளவு அழுத்தம் முட்டிகளில் உள்ள ரப்பர் வளையங்களை விரைவில் தேய்த்துவிடும். சட்டென்று மூடும்போது குழாய் முழுவதும் அதிர்ந்து, சுவருக்குள் உள்ள இணைப்புகளையும் அசைக்கும். அந்த வீடுகளில் உள்ளே நுழையும் குழாயில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் போட்டு, 2 அல்லது 3 கிலோவில் நிறுத்திவைக்க வேண்டும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அழுத்தமானியை ஒரு குழாயில் திருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். இரவில், அக்கம்பக்கத்தில் யாரும் தண்ணீர் பிடிக்காத நேரத்தில், அளந்தால்தான் உச்ச அழுத்தம் தெரியும்.

பாத்திரத்தை வைத்து உயரத்தை முடிவு செய்தல்

எங்கள் பிழை நடந்தது இங்கேதான். அடுப்பிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம் என்று குறிப்பேட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டு, சமையல் மேடையின் கல்லிலிருந்து 45 சென்டிமீட்டர் அளந்து அடையாளம் போட்டோம். அந்தக் கல்லின் மேல் வைக்கும் ஸ்டவ்வின் உயரம் 11 சென்டிமீட்டர் என்பது யார் நினைவிலும் இல்லை. டைல்ஸ் ஒட்டி, குழாயும் திருகி முடித்த அன்று மாலை அம்மா அண்டாவைக் கொண்டுவந்து அடுப்பில் வைத்தார். வைத்த பின் குழாய்க் கையை இழுத்தால் அதன் வாய் அண்டாவின் விளிம்பில் முட்டி நின்றது. வாயை முதலில் இழுத்துவைத்துவிட்டு, அண்டாவைச் சாய்த்து உள்ளே நுழைத்துப் பார்த்தோம், அதுவும் நடக்கவில்லை. "அக்கா, டைல்ஸ் ஒட்டுறதுக்கு முன்னாடி அண்டாவ ஒரு தடவ வெச்சுப் பாத்திருந்தா இந்த வேலயே இல்லக்கா" என்றார் பிளம்பர். இரண்டு டைல்களை உடைத்து எல்போவை மேலே ஏற்றினோம்.

ஆகையால் குறிப்பேட்டு அளவை விட்டுவிட்டு, உங்களிடம் உள்ள மிக உயரமான பாத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு இது: தரையிலிருந்து மேடை 84 சென்டிமீட்டர், அதன் மேல் ஸ்டவ்வில் பாத்திரம் உட்காரும் கம்பி வரை 11, அண்டாவின் உயரம் 36, அதற்கு மேல் கையும் மூடியும் புழங்க 7. ஆக, குழாயின் வாய் தரையிலிருந்து 138 சென்டிமீட்டர். சுவரில் எல்போ வர வேண்டிய உயரம் இதுவல்ல என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான மாடல்களில் வாய், சுவர் இணைப்பின் மையத்தைவிடச் சில சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். நாங்கள் வாங்கியதில் அது 9 சென்டிமீட்டர் என்பதால் எல்போவின் மையம் 147-இல் வந்தது. மாடலை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அளக்காமல் சுவரில் உளியை வைக்கவே கூடாது. மேலே சிம்னி இருந்தால் அதன் அடிப்பகுதிக்கும் மடித்த குழாய்க்கும் இடைவெளி இருக்கிறதா என்றும், குக்கரின் வெயிட் நேராகக் குழாயின் மேல் ஆவியை அடிக்காதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கவாட்டு இடமும் உயரத்துக்கு இணையாக முக்கியம். படங்களில் அழகுக்காக அடுப்பின் நடுவே, நேர் பின்னால் வைத்திருப்பார்கள். அப்படி வைத்தால் சுவரருகே உள்ள வால்வைத் திறக்க எரியும் அடுப்பைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். சால்வையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு சமைக்கிற ஊர் நம்முடையது. சால்வையின் தொங்கும் முனை ஒரு நொடியில் நெருப்பைத் தொட்டுவிடும். அடுப்பின் ஓரத்துக்குச் சற்று வெளியே, நெருப்பைக் கடக்காமல் எட்டக்கூடிய பக்கத்தில், சுவர் இணைப்பை வையுங்கள். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வலப்பக்கம் எளிது. அப்படி ஓரத்தில் வைக்கும்போது கை எல்லா பர்னர்களையும் எட்ட வேண்டும் என்பதால், நீட்டிய நிலையில் 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம் உள்ளதை வாங்க வேண்டியிருக்கும். அட்டையை வெட்டி அந்த நீளத்துக்கு ஒரு கை செய்து, சுவரில் ஒட்டி ஆட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும்.

எதை வாங்குவது

உடல் முழுவதும் பித்தளையால் ஆனதா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். வெளியே பளபளத்து எடையே இல்லாமல் இருப்பவை மலிவான கலப்பு உலோகமாக இருக்கக்கூடும். துருப்பிடிக்காத ஸ்டீலும் நல்லதுதான். வால்வுகள் கால் திருப்பில் மூடும் செராமிக் வட்டு வகையாக இருக்கட்டும். முட்டிகளை நீட்டி நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், தானாகத் தொங்கி ஆடக்கூடாது. மெருகைப் பொறுத்தவரை சாதாரணக் குரோமே போதும். கறுப்பு மேட் பூச்சு கண்ணுக்கு அழகாக இருந்தாலும், தாளிப்பின் எண்ணெய்ப் புகை படிந்து, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் நம் சமையலறையில் எத்தனை நாள் தாங்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கோயம்புத்தூருக்குப் போய்ப் பெரிய கடையில் வாங்குவதானாலும், உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜும் (வால்வைத் திறந்து மூடும் உட்பகுதி) ரப்பர் வளையங்களும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, முடிந்தால் ஒரு செட்டைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். ஒரு வாஷருக்காக மலையிறங்கி ஏறுவது அரை நாள் வேலை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அன்போடு கொண்டுவந்து கொடுக்கும் குழாயைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அங்குள்ள அரை அங்குலத் திருகுமரையும் நம் ஊர் அரை அங்குலத் திருகுமரையும் அங்குலத்துக்கு 14 புரி கொண்டவைதான். அதனால் ஒன்றில் ஒன்று சில சுற்றுகள் ஏறிவிடும், பொருந்திவிட்டதாகவே தோன்றும். ஆனால் புரியின் கோணம் அங்கே 60 டிகிரி, இங்கே 55. எவ்வளவு டெஃப்லான் டேப் சுற்றினாலும் கசிவு நிற்பது அரிது. அதற்கென்று உள்ள இடை இணைப்பு கிடைக்காவிட்டால் அந்தக் குழாயைச் சுவரில் ஏற்றாமல் இருப்பதே நல்லது.

நம் மலைநீரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊற்று நீர் உப்புக் குறைந்த மென்னீர். சமவெளியில் போல் குழாய் வாயில் வெள்ளைப் படிவு கட்டாது என்பது நன்மை. ஆனால் தாது குறைந்த நீர், பித்தளையில் உள்ள ஈயம் முதலியவற்றைச் சற்று எளிதாகக் கரைத்துக்கொள்ளும். எனவே ஈயம் குறைந்த பித்தளை என்று குறித்திருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரவெல்லாம் குழாயில் தேங்கியிருந்த நீரைக் காலையில் சமையலுக்குப் பிடிக்காமல், முதல் அரை லிட்டர், ஒரு லிட்டரைப் பாத்திரம் கழுவ எடுத்துக்கொள்வதும் எளிதான பழக்கம். மழைக்காலத்தில் செம்மண் கலங்கி வரும் வீடுகளில் இந்தக் குழாய்க்குப் போகும் கிளையில் ஒரு சல்லடை வடிகட்டி கட்டாயம் வேண்டும். ஒரு மணல் துகள் வட்டுகளுக்கு இடையே சிக்கிக் கீறிவிட்டால் வால்வு சொட்ட ஆரம்பித்துவிடும். தொட்டி நீரைத்தான் இது தருகிறது என்பதால் குடிப்பதற்கு எப்போதும் போல் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

சுவரும் குழாய் போகும் வழியும்

குழாய்க்கு முன் சுவர் எதனால் ஆனது என்று பாருங்கள். ஆங்கிலேயர் காலத்துப் பங்களாக்களிலும் பழைய எஸ்டேட் வீடுகளிலும் கருங்கல்லை மண்ணிலோ சுண்ணாம்பிலோ வைத்துக் கட்டிய ஒன்றரை, இரண்டடிச் சுவர்கள் இருக்கும். அதில் குழாய் போக நேர்க்கோட்டில் காடி வெட்ட முயன்றால் கல் கல்லாகப் பெயர்ந்து வரும். அந்தச் சுவரை வெட்டாமல், உட்புறமாகவே குழாயைக் கிளாம்ப் போட்டு இறக்கி, அதன் மேல் ஒரு பலகைச் சட்டமோ ஐந்து சென்டிமீட்டர் கனத்தில் செங்கல் ஒட்டோ எழுப்பி டைல்ஸ் ஒட்டுவது நல்லது. செங்கல் சுவரில் நெட்டுவாக்கில் வெட்டும் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கையும், கிடைவாக்கில் ஆறில் ஒரு பங்கையும் தாண்டக்கூடாது. ஆகவே கூரையிலிருந்து நேராகக் கீழே இறக்குவதே சுவருக்குப் பாதுகாப்பு. மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்க்கு அதுதான் குறுக்கு வழியும்கூட. ஹாலோ பிளாக் சுவரானால், எல்போ வரும் இடத்தில் உள்ள பொந்துகளைக் கான்கிரீட்டால் நிரப்பிய பிறகே வேலையைத் தொடருங்கள். நீட்டிய கையை யாராவது பிடித்து ஊன்றினால், 60 சென்டிமீட்டர் நெம்புகோலின் விசை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும்.

வெளிச்சுவரின் வெளிப்புறமாகக் குழாய் கொண்டுவருவதை ஊட்டி, கேத்தி, தலைகுந்தா போன்ற இடங்களில் தவிர்க்க வேண்டும். இங்கே நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் புல்வெளி முழுவதும் உறைபனியாக வெளுத்துக் கிடக்கும். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைகிறது. திறந்த வெளியில் நிற்கும் ஒல்லியான குழாயில் அந்த விரிவுக்கு இடம் இல்லாததால் இணைப்பு விரிசல் விடுகிறது, வெயில் ஏறி இளகும்போதுதான் ஒழுகுவது தெரிகிறது. வேறு வழியே இல்லாமல் சிறிது தூரம் வெளியே வர நேர்ந்தால், ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோம் உறையை இடைவெளி விடாமல் போட்டுவிடுங்கள். குன்னூர்ப் பக்கம் குளிர் அவ்வளவு கடுமையில்லை என்றாலும் உறை போடுவதில் நஷ்டமில்லை.

குழாய்க்குச் சிபிவிசி என்ற, சூடு தாங்கும் பிளாஸ்டிக்கே என் தேர்வு. வெந்நீருக்கும் ஏற்றதாக 82 டிகிரி வரை தாங்கும்படி செய்யப்படுவதால் அடுப்புச் சுவரின் சூட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. சாதாரண வெள்ளைப் பிவிசியை அந்தச் சுவரில் வைக்காதீர்கள். பழைய வீடுகளில் உள்ள ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயிலிருந்து கிளை எடுக்க நேர்ந்தால், உள்ளே துரு எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கழற்றும் இடத்தில் பார்த்துவிடுங்கள். விரல் நுழைய வேண்டிய துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தால் அதிலிருந்து கிளை எடுத்துப் பயனில்லை.

பொருத்தும் வேலை

தொட்டியின் வால்வை மூடிக் குழாயில் உள்ள நீரை வடித்த பிறகு கிளை எடுங்கள். கிளை தொடங்கும் இடத்தில், அடுப்பைவிட்டுத் தள்ளி, கைக்கு எட்டும்படி ஒரு பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பி மூடும் ball valve) வையுங்கள். அடுப்புக் குழாய் என்றாவது பழுதானால் வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தாமல் இதை மட்டும் மூடிவிடலாம். காடி வெட்டுவதற்கு முன் அந்த வழியில் மின்கம்பி போகிறதா என்று சுவிட்ச் போர்டுகளின் இருப்பிடத்தை வைத்துப் பாருங்கள். குளிரில் சிபிவிசி சற்று நொறுங்கும் தன்மை அடைவதால், கத்தரிப்பானால் நசுக்கி வெட்டாமல் ரம்பத்தால் அறுத்து, பிசிறுகளைச் சீவிவிடுங்கள். மழைநாளில் குழாயின் முனை ஈரமாகவே இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்த பின்னரே சால்வென்ட் பசை தடவுங்கள். சமவெளியில் சில மணி நேரத்தில் இறுகும் பசைக்கு இங்கே ஒரு முழு நாள் கொடுத்துவிடுவது நல்லது.

சுவரில் வரும் கடைசி எல்போ, உட்புறம் மரை உள்ள பித்தளை எல்போவாகவும், திருகு போட்டு இறுக்க இரு பக்கமும் காது உள்ளதாகவும் இருக்க வேண்டும். அதன் வாய் டைல்ஸ் ஒட்டி முடித்த பிறகு டைலின் முகத்தோடு சமமாக, அல்லது இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே, வர வேண்டும். இதற்குப் பூச்சின் கனம், டைல் பசையின் கனம், டைலின் கனம் மூன்றையும் கூட்டி, அந்த அளவுக்கு ஒரு மரத்துண்டை எல்போவின் முன் வைத்துப் பார்ப்பது கொத்தனார்கள் செய்யும் வழக்கம். உள்ளே அதிகம் போய்விட்டால் நீட்டிப்பு நிப்பிள் (மரை உள்ள சிறு குழாய்த்துண்டு) போட்டுச் சமாளிக்கலாம். வெளியே துருத்திவிட்டால் சுவர்த் தட்டு டைலில் படியாது. எல்போ சாய்ந்திருந்தால் நீட்டிய கையும் சாய்ந்தே நிற்கும் என்பதால், அதில் ஒரு நீளமான நிப்பிளைத் திருகி, அதன் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்த பிறகே கான்கிரீட் போட்டு மூடுங்கள்.

மூடுவதற்கு முன் சோதனை கட்டாயம். எல்போவில் ஒரு பிளக்கைப் போட்டு, பிளம்பரின் கைப்பம்ப்பால் வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, ஒரு மணி நேரம் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் இல்லாவிட்டால் தொட்டி நீரையே திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் செய்தித்தாளைச் செருகி, மறுநாள் காலை அது உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு பூச்சு, டைல்ஸ். டைலில் போடும் துவாரம் சுவர்த் தட்டின் விட்டத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

குழாயைத் திருகுவதற்கு முன், எல்போவிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிடித்துப் பாருங்கள். எங்கள் வாளியின் அடியில் சிபிவிசித் தூளும், சிமெண்ட் மணலும், பசையின் மஞ்சள் உருண்டை ஒன்றும் கிடந்தன. அவை அனைத்தும் புதுக் குழாயின் வால்வுக்குள் போயிருக்க வேண்டியவை. பிறகு நிப்பிளின் மரையில் டெஃப்லான் டேப்பைத் திருகும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றி, கையால் இறுக்கி, ரெஞ்சால் மேலும் ஒன்றிரண்டு திருப்புத் திருப்புங்கள். மெருகின் மேல் ரெஞ்சு படும் இடத்தில் ஒரு துணி வையுங்கள். நிமிர்ந்து நிற்க வேண்டிய நிலையைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பிச் சரிசெய்யக் கூடாது, டேப் தளர்ந்துவிடும். முழுவதும் கழற்றிப் புது டேப் சுற்ற வேண்டும். சுவர்த் தட்டைச் சுற்றி மெல்லிய சிலிக்கான் கோடு ஒன்றை இழுத்து, அடிப்பக்கம் மட்டும் ஓர் அங்குலம் திறந்து விடுங்கள். சுவருக்குள் எப்போதாவது கசிந்தால் அந்த வழியாக நீர் வெளியே வந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

புழங்கும் முறை

நிரப்பும்போது வாயைப் பாத்திரத்தின் மேல் கொண்டுவந்த பிறகே வால்வுகளைத் திறக்க வேண்டும். மூடும்போது சுவரருகே உள்ளதை முதலில் மூடி, கையில் மிஞ்சிய நீர் பாத்திரத்தில் சொட்டி நின்றதும் வாயருகே உள்ளதை மூடுங்கள். இரண்டையும் மாற்றி மூடினால் கைக்குள் நீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கும். கீழே அடுப்பு எரியும் சூட்டில் அது விரிவடைந்து ரப்பர் வளையங்களை நெருக்கும். ஒன்றை மட்டும் மூடிவிட்டுப் போகும் பழக்கம் வீட்டில் யாருக்கும் வரக்கூடாது. ஓடும் குழாயை விட்டுவிட்டு வேறு வேலைக்கு நகரவும் கூடாது.

முதல் மழைக்காலத்தில் எங்களுக்கு ஒரு பயம் வந்தது. குழாய்க் கையின் அடிப்புறம் வரிசையாக முத்து முத்தாக நீர் கோத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, அடுப்பின் மேல் விழுந்து சுர்ரென்றது. ஒழுகுகிறது என்று எண்ணிப் பிளம்பரை அழைக்கப் போனோம். உண்மையில் அது ஊற்று நீரின் குளிர்ச்சியால் சில்லிட்டிருந்த பித்தளையின் மேல் சோற்றுப் பானையின் ஆவி படிந்து வியர்த்தது. இரண்டையும் பிரித்தறிவது எளிது: குழாய்க் கையை உலரத் துடைத்து, அடுப்பை அணைத்து, இரண்டு வால்வுகளையும் மூடி ஒரு மணி நேரம் விடுங்கள். வாயில் மட்டும் மீண்டும் சொட்டு கோத்தால் வால்வின் வட்டில் கோளாறு. முட்டியில் ஈரம் கண்டால் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. எங்கும் உலர்ந்தே இருந்தால் அது ஆவி வியர்த்ததுதான். வியர்வைக்கு மருந்து, நிரப்பி முடித்ததும் கையை அடுப்புக்கு நேர்மேலிருந்து விலக்கி, ஓரமாக மடித்துவிடுவதே.

வாரம் ஒருமுறை சோப்பு நீரில் நனைத்த மெல்லிய துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் போதும். இரும்பு நாரும் அமிலமும் மெருகைக் கெடுத்துவிடும். மழைக்காலம் முடிந்ததும் கிளையில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். வெளியூர் போகும் நாட்களில், அதிலும் உறைபனிக் காலத்தில், கிளையின் பால் வால்வை மூடி, அடுப்புக் குழாயின் இரண்டு வால்வுகளையும் திறந்து, வாயின் கீழ் ஒரு காலிப் பாத்திரத்தை வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.